நீலப் பேனா வழக்கு

பள்ளியில் தடய அறிவியலைச் செய்முறையாக எடுக்க ஆசைப்படும் ஆசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்டு வந்தால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: லேபில் கை கழுவும் தொட்டி எத்தனை, மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வருமா? சிரிப்பார்கள். பென்சில் கரித்தூளை வைத்துக் கைரேகை எடுக்கும் வகுப்பை ஒருமுறை நடத்திப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். வெள்ளைச் சட்டை போட்ட முப்பது பிள்ளைகள், கறுப்புத் தூள், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். மற்றதை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

நான் வடசென்னையில் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். சனிக்கிழமை மதியங்களில், விருப்பப்பட்டு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வகுப்பு. மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. நீட் கோச்சிங் போகாத பிள்ளைகளும், கோச்சிங்கிலிருந்து தப்பித்து வந்த பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் சேரும். அனுமதி கொடுக்கும்போது தலைமையாசிரியர் மூன்று நிபந்தனை போட்டார். செலவு வைக்கக் கூடாது, தீ வைக்கக் கூடாது, பெற்றோர் சண்டைக்கு வரக் கூடாது. முதல் இரண்டும் சுலபம்.

வருகிற பிள்ளைகள் எல்லோரும் எதையாவது பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு முடியைக் கருவிக்குள் வைத்தால் கம்ப்யூட்டர் டிங்கென்று சத்தம் போட்டு, திருடனின் போட்டோவையும் விலாசத்தையும் காட்டிவிடும் என்று நம்புகிறார்கள். சிலருக்கு எட்மண்ட் லோக்கார் பெயர்கூடத் தெரிந்திருக்கும். 1910இல் பிரான்சின் லியோன் நகரில் போலீஸுக்கென்று ஓர் ஆய்வகம் தொடங்கியவர் அவர். இரண்டு பொருள்கள் உரசினால் ஒன்றிலிருந்து ஏதோ ஒரு துணுக்கு மற்றதில் ஒட்டும் என்ற அவருடைய கருத்து பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்தத் துணுக்கு கையில் கிடைத்த பிறகு அதை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம் என்று கேட்டால் முழிப்பார்கள். இந்த வகுப்பில் நான் சொல்லித்தர நினைப்பது அது ஒன்றைத்தான். ஒரு தடயம் எதுவரை பேசும், எங்கே வாயை மூடிக்கொள்ளும்? மற்றதெல்லாம், அதாவது கரித்தூள், ஃபில்டர் பேப்பர், மைக்ராஸ்கோப் எல்லாம், அதற்கான சாக்கு.

இதைப் போர்டில் எழுதிப் போட்டால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர்களே போய் முட்டிக்கொள்கிற மாதிரி வழக்கை அமைக்க வேண்டும். நான் வருடா வருடம் எடுக்கிற வழக்கு, விடுப்புக் கடிதம்.

"காய்ச்சல் காரணமாக 1 நாள் விடுப்பு வேண்டுகிறேன்" என்று ஒரு பேனாவில் எழுதிவிட்டு, அந்த 1ஐ வேறொரு பேனாவால் 4 ஆக்கிவிடுவேன். நானே எழுதுகிற கடிதம்தான். ஸ்டாஃப் ரூமில் நிஜமாகவே திருத்திய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது, ஆனால் அவற்றைத் தொடக் கூடாது. ஒரு பிள்ளையின் பெயர் வெளியே வந்தால் அதோடு வகுப்பின் மானம் போய்விடும். கற்பனை மாணவர்கள் நான்கு பேர், ஏ, பி, சி, டி. ஆளுக்கொரு நீலப் பேனா. அந்த 4ஐ எழுதியது எந்தப் பேனா?

முதல் அரை மணி நேரம் கடிதத்தை யாரும் வெட்டக் கூடாது, நனைக்கக் கூடாது. முதலில் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ. பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சைக் காகிதத்துக்குப் படுக்கையாகப் பிடித்துப் பார்ப்பது. அழுத்தி எழுதிய கோடுகளின் பள்ளம் நிழலாகத் தெரியும். ஒரு தடவை, கடிதத்துக்கு அடியில் இருந்த வெற்றுத்தாளையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். டார்ச் வெளிச்சத்தில் அந்த வெற்றுத்தாளில் 4 மட்டும் அழுந்தித் தெரிவதை ஒரு பையன் பார்த்துவிட்டான். முதலில் எழுதியபோது அடியில் வேறு தாள் இருந்திருக்கிறது, திருத்தியபோது இந்தத் தாள் இருந்திருக்கிறது என்று அவனே சொன்னான். நான் அதைத் திட்டமிடவே இல்லை. அடியில் எந்தத் தாள் இருந்தது என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

பொருளைக் கெடுக்காத சோதனை முதலில், கெடுக்கிற சோதனை கடைசியில் என்ற வரிசை இங்கே தானாகப் புரிந்துவிடும். வெட்டின தாளை ஒட்ட முடியாது.

அடுத்தது குரோமடோகிராபி, மையில் கலந்திருக்கும் நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் முறை. இது பிளஸ் ஒன் வேதியியலில் வருகிறதுதான், படமாக. எழுத்தின் மேல் சின்னதாக ஒரு துளை போட்டு, அந்த வட்டத்தை ஓரிரு சொட்டு ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் மை இறங்கும். ஃபில்டர் பேப்பர் பட்டையின் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடு. பேனாவால் கோடு போடுகிற பிள்ளை ஒவ்வொரு வருடமும் இருக்கும், அந்தக் கோடும் சேர்ந்து ஏறும். கோட்டின் மேல் மைப்பொட்டு வைத்து, காய்ந்த பிறகு மறுபடி அதே இடத்தில் வைத்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடிமட்டத்துக்கு ஸ்பிரிட் ஊற்றி, பட்டையைத் தொங்கவிட வேண்டும். ஸ்பிரிட் மட்டம் பொட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். மூடி முக்கியம். சென்னை வெயிலில் ஃபேனுக்குக் கீழே மூடாமல் வைத்தால் ஸ்பிரிட் மேலே ஏறுவதற்குள் ஆவியாகிவிடும். ஸ்பிரிட் திறந்திருக்கிற நேரத்தில் லேபில் ஒரு பர்னரும் எரியக் கூடாது.

ஸ்கெட்ச் பேனா தண்ணீரிலேயே பிரியும், அழகாக இருக்கும், முதல் நாள் அதைக் கொடுங்கள். பால்பாயிண்ட் பேனாவுக்குத் தண்ணீர் போதாது, ஸ்பிரிட் வேண்டும். ஜெல் பேனாக்களில் பல எதற்கும் அசையாது. அவற்றின் மையில் இருப்பது கரையாத நிறமித் துகள், பொட்டு வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். "எங்க டீமுக்கு வரல மிஸ்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். வராததும் ஒரு விடைதான் என்று அவர்களை நம்பவைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

சரி, சோதனை முடிந்தது. ஒவ்வொரு நிறமும் எவ்வளவு தூரம் ஏறியது, ஸ்பிரிட் எவ்வளவு தூரம் ஏறியது, ஒன்றை மற்றதால் வகுத்து ஆர்எஃப் மதிப்பு எழுதியாயிற்று. கடிதத்தின் 4இல் இருந்த மையும் சியின் பேனாவும் ஒரே மாதிரி பிரிந்திருக்கின்றன. ஊதா மேலே, நீலம் கீழே. "சிதான் மிஸ்!" என்று கத்தல். ஒருவன் போர்டில் குற்றவாளி சி என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவான்.

அப்போது நான் சொல்வேன்: எல்லோரும் பாக்ஸைத் திறந்து நீலப் பேனாவை எடுத்து மேஜையில் வையுங்கள்.

வகுப்பில் பாதிப் பேரிடம் அதே கம்பெனி, அதே மாடல். பள்ளிக்கு எதிரில் இருக்கும் ஸ்டேஷனரி கடையில் அதுதான் விற்கிறது. அட்டெண்டன்ஸ் எடுக்க நான் வைத்திருக்கும் பேனாவும் அதேதான், அதையும் சட்டென்று ஒருத்தி கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். போர்டில் எழுதியவன் போய் அழித்தான்.

"அப்போ இவ்ளோ நேரம் எதுக்கு மிஸ் பண்ணோம்?"

நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "டேய், ஏ, பி, டி மூணு பேர வீட்டுக்கு அனுப்பிட்டோம்ல."

இந்தப் பதிலை நான் பாடமாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. ஏ, பி, டி மூவரின் பேனாவும் அந்த 4ஐ எழுதவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். சியின் பேனா எழுதியது என்று சொல்ல முடியாது, சியிடம் இருப்பது போன்ற ஒரு பேனா எழுதியிருக்கலாம் என்று மட்டும் சொல்லலாம். சியின் கை எழுதியதா என்பதைப் பற்றி மை எதுவுமே சொல்லவில்லை.

இதற்குப் பிறகுதான் ரிப்போர்ட் தாளைக் கொடுப்பேன். அதில் மூன்று பத்தி: பார்த்தது, அதை வைத்துச் சொல்லக்கூடியது, சொல்ல முடியாதது. ஆரம்பத்தில் மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டுவிடுவார்கள், அல்லது ஒரு கோடு போட்டுவிடுவார்கள். நான் திருத்தும்போது முதலில் படிப்பது அந்தப் பத்தியைத்தான் என்று தெரிந்த பிறகு அது நிரம்பத் தொடங்கும். சில வழக்குகளுக்கு நான் குற்றவாளியே வைப்பதில்லை. நான்கு பேரும் விலகிவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கோபம் வரும், வரட்டும்.

வெள்ளைப் பொடி வகுப்பு சென்னைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஸ்டாஃப் ரூம் முறுக்கு டப்பா காணாமல் போய்விட்டது, மேஜையில் கொஞ்சம் வெள்ளைப் பொடி சிந்திக் கிடக்கிறது. கோலமாவு, பச்சரிசி மாவு, மைதா, ஆப்ப சோடா, வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த பொடி, கேரம்போர்டுக்குப் போடும் போரிக் பவுடர். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். அயோடின் விட்டால் அரிசி மாவும் மைதாவும் கருநீலமாகிவிடும். வினிகர் விட்டால் சோடா பொங்கும். கோலமாவில்தான் வேடிக்கை. கோலமாவு என்று கடையில் விற்பது பெரும்பாலும் கல்மாவு, எந்தக் கல்லை அரைத்தார்களோ அதைப் பொறுத்துச் சிலது நுரைக்கும், சிலது சும்மா கிடக்கும். இரண்டு தெருவில் வாங்கிய இரண்டு பாக்கெட் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒரு பெயருக்குள் இரண்டு பொருள் இருக்கலாம் என்பது நான் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. வீட்டு வாசலில் அரிசி மாவுக் கோலம் போடும் பாட்டி இருக்கிற பிள்ளை கோலமாவும் அயோடினில் கறுக்கும் என்று சண்டை போடும், அந்தப் பிள்ளை சொல்வதும் சரிதான்.

மஞ்சள் தாளும் செய்துகொள்ளலாம். மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் கலக்கி, ஃபில்டர் பேப்பரை நனைத்துக் காயவைத்தால் போதும். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. போரிக் பவுடர் கரைசலில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, மஞ்சள் தாளை அதில் நனைத்துக் காயவைத்தாலும் தாள் சிவக்கும். அப்போ இரண்டும் ஒன்றா? சுண்ணாம்பில் சிவந்த தாளில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும், போரிக் சிவப்பு மாறாது. ஒரே நிறம், இரண்டு காரணம், பிரித்துச் சொல்ல இன்னொரு சோதனை. அமிலத்தை நானோ லேப் அண்ணனோதான் ஊற்றுவோம், பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. பொடிகளை முகர்ந்து பார்ப்பதும் நக்கிப் பார்ப்பதும் கிடையாது, அது கோலமாவே என்றாலும்.

நம் ஊரில் இந்தத் துறையே வெள்ளைப் பொடியை ஒட்டித்தான் வளர்ந்தது என்று அந்த வகுப்பில்தான் சொல்வேன். 1849இல் மதராஸில் அரசு இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் வந்தது, இந்தியாவிலேயே அதுதான் முதல். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் காலத்தில் பெரிய தலைவலி விஷச் சாவுகள். வெள்ளை ஆர்சனிக்கைச் சாப்பாட்டில் கலந்தால் கண்ணுக்கோ நாக்குக்கோ எளிதில் தெரியாது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையை வெளியிட்டிருந்தார். இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகம் மயிலாப்பூரில், கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில் இருக்கிறது. தினம் அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கே தெரியாது.

பொருள்களுக்கு அதிகம் செலவில்லை. சாட்சிப் பொருள் போட்டு வைக்கும் கவருக்கு, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைக் கவர்களைக் கட்டாக வாங்கிவிடுகிறேன். பிள்ளையார் படம் போட்ட கவரில் முறுக்குத் திருட்டின் தடயம் இருப்பதைப் பார்த்து யாரும் இப்போது சிரிப்பதில்லை. ஈரமான எதையும் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், நம் ஊர் புழுக்கத்தில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பேப்பர் கவர்தான் சரி, நிஜமான வழக்குகளிலும் அதுதான் முறை. ரிச்சி தெருவில் யுவி டார்ச் மலிவாகக் கிடைக்கும். அதைக் கண்ணில் அடிக்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ரூபாய் நோட்டையும் அவர்கள் சட்டையையும் காட்டுங்கள். சோப்புத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் நீலமாக ஒளிரும், துவைத்த சட்டையெல்லாம் ஜொலிக்கும்.

கைரேகைக்கு வருகிறேன். கரித்தூளுக்கு பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்தால் போதும். கறுப்புப் பரப்புக்கு முகப் பவுடர். மஞ்சள் தூளும் ஓரளவுக்கு எடுக்கும். பிரஷ் மிக மென்மையாக இருக்க வேண்டும், மேக்கப் பிரஷ் நல்லது, வாட்டர்கலர் பிரஷ் ரேகையைத் துடைத்துவிடும். எவர்சில்வர் டம்ளர் வளைவாக இருப்பதால் முதல்முறைக்கு வேண்டாம். கண்ணாடி ஸ்லைடு, பழைய சிடியின் பின்பக்கம் நன்றாக வரும். மே, ஜூன் புழுக்கத்தில் விரல் நனைந்திருக்கும், ரேகை இழுகிப் போகும். கையைத் துடைத்துவிட்டு, விரலை மூக்கோரம் லேசாகத் தேய்த்த பிறகு தொடச் சொல்லுங்கள், எண்ணெய்ப் பசை ரேகையைத் தெளிவாக்கும். தூள் தூவுகிற நேரம் மட்டும் ஃபேனை நிறுத்த வேண்டும், அதற்கு வகுப்பில் ஓட்டெடுப்பே நடக்கும்.

ரேகை வகைகளில் வளையம் சுமார் 60 முதல் 65 சதவீதம், சுழி 30 முதல் 35, வில் 5 என்று பொதுவாகச் சொல்வார்கள். வகுப்பில் எண்ணிப் பார்த்து ஒப்பிடலாம். உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது என்பதும், வகைப்படுத்தும் கணக்கைப் போட்ட அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் பின்னால் போய், மேலதிகாரி ஹென்றியின் பெயர் முறைக்கு நின்றுவிட்டது என்பதும் பிள்ளைகளைச் சூடேற்றும். குரூப் பிராஜெக்டில் நடப்பதுதானே மிஸ் என்றாள் ஒருத்தி.

தலைமையாசிரியரின் மூன்றாவது நிபந்தனை இங்கேதான் வந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து கேட்டார்: "எம் பொண்ணு கைரேகைய எதுக்கு மேடம் எடுக்கறீங்க? அத வெச்சித்தான் இப்போ பேங்க்ல பணமே எடுக்கறானுங்க." சிலர் சிரித்தார்கள். அவர் கேட்டது சரி. ஆதாரோடு இணைந்த கைரேகையை நகலெடுத்துப் பணம் சுருட்டிய வழக்குகள் நாட்டில் நடந்திருக்கின்றன. அன்றிலிருந்து இது விதி: அவரவர் ரேகையை அவரவர் மட்டும் எடுப்பார்கள், போனில் போட்டோ கிடையாது, வகுப்பு முடிவில் அட்டையை அவர்களே கிழித்துத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போவார்கள். பெற்றோரின் கையெழுத்து வாங்கிய சம்மதக் கடிதம் முன்பே வந்திருக்க வேண்டும். அந்தக் கையெழுத்தை யார் போட்டார்கள் என்று நான் ஆராய்வதில்லை என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும்.

ரத்த விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கிறேன். விரலைக் குத்திப் பார்க்கும் ரத்தவகைச் சோதனை என் வகுப்பில் இல்லை. தொற்று ஒரு காரணம். இன்னொரு காரணம், பிள்ளையின் ரத்தவகையும் அம்மா அப்பாவின் ரத்தவகையும் பொருந்தாமல் போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதில் ஆவின் பாலில் சிவப்புச் சாயம் கலந்து ரத்தம். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக இரண்டு சின்னப் புட்டி, ஆன்டி ஏ, ஆன்டி பி என்று லேபிள் (நிஜச் சோதனையில் ஏ, பி வகை ரத்தத்தைக் கட்டிதட்ட வைக்கும் திரவங்கள்). கட்டிதட்ட வேண்டிய புட்டியில் வினிகர், மற்றதில் தண்ணீர். ஏ வகை வேண்டுமென்றால் ஆன்டி ஏ புட்டியில் மட்டும் வினிகர், ஓ என்றால் இரண்டிலும் தண்ணீர். பால் திரிந்தால் ரத்தம் கட்டிதட்டியது என்று கணக்கு. வினிகர் வாசனையை வைத்து முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார்கள், எல்லாப் புட்டியின் வெளிப்பக்கத்திலும் கொஞ்சம் வினிகர் தடவி வையுங்கள்.

தெறித்த துளியின் கோணம் கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த பகுதி. சாய்த்து வைத்த சார்ட் தாளில் ரோஸ்மில்க் எசன்ஸ் சொட்டு விட்டால் நீள்வட்டமாக விழும். அகலத்தை நீளத்தால் வகுத்தால் அது விழுந்த கோணத்தின் சைன் மதிப்பு. திரிகோணமிதி எதற்கு என்று கேட்கிறவனுக்கு இதைக் காட்டலாம். சொட்டு கெட்டியாக இருக்க வேண்டும், தண்ணீரைக் கலந்தால் தாளில் ஊறிப் பரவிவிடும்.

என் வகுப்பில் பிணம் கிடையாது. சாக்பீஸால் தரையில் உடல் வரைவது, போலி ரத்தம் பூசிய பொம்மை, எதுவும் இல்லை. ஒரு மாணவி இப்படி ஒரு படத்தைப் புத்தகத்தில் பார்த்த நிமிடம் எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் வீட்டில் ஒரு சாவு, நாங்கள் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. திருட்டு, போலிக் கடிதம், சிந்திய ரோஸ்மில்க், இவை போதும்.

ஆனால் ஆளவந்தார் வழக்கைப் பற்றி வடசென்னைப் பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள், தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். 1952இல் பாரிமுனையில் கடை வைத்திருந்த ஆளவந்தார் காணாமல் போனார். போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியில் தலையில்லாத உடல் மானாமதுரையில் கிடைத்தது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரி நிபுணர்கள் இரண்டும் ஒருவருடையதுதான் என்று எப்படி முடிவுக்கு வந்தார்கள் என்பதை மட்டும் பேசுவேன். காதில் இருந்த துளைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஒரே ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகவில்லை. பேனா வழக்கில் முட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு இது உடனே ஏறும்.

மண் வகுப்பைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காசிமேடு மணல், பள்ளி மைதானத்து மண், செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மண். காந்தத்தை பாலிதீனில் சுற்றி மேலே ஓட்டினால் கடல் மணலிலிருந்து கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். கூவம் ஓரத்துச் சேற்றைக் கொண்டுவரட்டுமா என்று ஒவ்வொரு வருடமும் ஒருவன் கேட்பான், வேண்டாம் என்பேன், அது சாக்கடை. கல்லை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பதற்குப் பல்லாவரம்தான் என் உதாரணம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் எந்த வகை என்று பார்த்த ஹாலந்து என்ற புவியியலாளர், அது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் என்று கண்டு, 1893இல் அந்தக் கல்வகைக்கே சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். குரோம்பேட்டையிலிருந்து வரும் ஒரு பையன் மறுவாரம் பை நிறையக் கல்லோடு வந்தான்.

காலடித் தடத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். உலர்ந்த மணலில் தடம் சரிந்துவிடும், ஈரமணல் வேண்டும். தண்ணீர் ஒரு பங்குக்குப் பிளாஸ்டர் இரண்டு பங்கு, கரண்டியின் மேல் ஊற்றி மெதுவாக இறக்க வேண்டும். கையை அச்சு எடுக்கலாமா என்று யாராவது ஆசைப்பட்டால் அனுமதிக்காதீர்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், சதையைச் சுட்டுவிடும் அளவுக்கு.

ஈக்களின் வளர்ச்சியை வைத்து, செத்து எத்தனை நாள் ஆயிற்று என்று கணிக்கும் சோதனையை ஒரு குழு கேட்டு வாங்கிச் செய்தது. மொட்டைமாடியில் டப்பாவில் கோழி ஈரல். நம் வெயிலில் ஈ முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும், அதனால் தினமும் குறிப்பெடுக்க வேண்டும். அவர்கள் குறிப்பெடுத்தார்கள். மூன்றாம் நாள் காக்கை மூடியைத் தள்ளிவிட்டு ஈரலோடு போய்விட்டது. ரிப்போர்ட்டின் மூன்றாம் பத்தியில் "காக்கை காரணமாக மேற்கொண்டு கருத்துச் சொல்ல இயலவில்லை" என்று எழுதியிருந்தார்கள். முழு மதிப்பெண், அப்படி ஒன்று இருந்திருந்தால்.

வருடக் கடைசியில் ஒரு விசாரணை மன்றம் வைப்போம். ஒரு குழு நிபுணர்கள், இன்னொரு குழு வக்கீல்கள். நிபுணர் கருத்து சாட்சியாக எப்படி ஏற்கப்படுகிறது என்று சட்டத்தில் இருப்பதை வாசித்துக் காட்டுவேன், முன்பு இந்திய சாட்சியச் சட்டம் 45ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 39ஆம் பிரிவு. வக்கீல் வேஷம் போட்ட பிள்ளைகள் வேதியியலைத் தொடுவதே இல்லை. "இந்தக் கவரை மதியம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் யார் வெச்சிருந்தாங்க?" என்பார்கள். "ஒட்டின இடத்துல கையெழுத்து எங்க?" சாப்பிடப் போகும்போது கவரை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போன குழுவின் அருமையான குரோமடோகிராம் அந்த ஒரு கேள்வியில் செத்துவிடும். அதற்கு அடுத்த வாரம் எல்லோரும் கவரைப் பீரோவில் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்கள். நான் வருடம் முழுக்கச் சொல்லி நடக்காதது.

கடைசியாக, பெற்றோர் தவறாமல் கேட்கிற கேள்வி: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு சொல்கிறது, மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஆக ஆட்கள் தேவைப்படும். குஜராத்தின் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு 2020இல் சட்டம் வந்தது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை இருக்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, என் சொந்த யோசனையையும் சொல்வேன்: வேதியியலோ இயற்பியலோ உயிரியலோ ஒன்றை இளங்கலையில் ஒழுங்காகப் படித்துவிட்டு முதுகலையில் இதற்கு வரட்டும். பெயரில் ஃபோரன்சிக் என்று இருக்கும் பட்டத்துக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரியின் லேபை நேரில் போய்ப் பாருங்கள். மைக்ராஸ்கோப் மேஜையில் இருக்கிறதா, பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா, பிள்ளைகளின் ரிக்கார்டு நோட்டில் அவர்களே எடுத்த ஸ்லைடின் படம் இருக்கிறதா, புத்தகத்தைப் பார்த்து வரைந்ததா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.